சர்பத்து நேரத்துப் பாட்டு

வெனோசா
1841 செப்டம்பர் 18

தாதேயோவுக்கு,

சவேரியோ எழுதுவது. நானும் என் வீட்டுக்காரி அசுந்தாவும் சுகம். உன் சுகத்தை நான் விசாரிக்க வேண்டியதில்லை, அதைப் பத்திரிகைகளே சொல்லிவிடுகின்றன. போன வாரம் வாங்கிய பாலாடைக்கட்டியைப் பொலோஞ்ஞாப் பத்திரிகைத் தாள் ஒன்றில் சுற்றிக் கொடுத்திருந்தார்கள். எண்ணெய் இறங்கிய தாளைப் பிரித்தால் உன் பெயர். மரெஸ்காவின் பதினேழாவது இசை நாடகம் அமோக வெற்றியாம். ஆசிரியரைப் பதினொரு முறை மேடைக்கு அழைத்தார்களாம். அன்றைக்கு ரொட்டி எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

நமக்குள் ஒளிக்க என்ன இருக்கிறது? வயிறு எரிந்தது. நேப்பிள்ஸ் இசைப் பள்ளியில் நாம் ஏழு வருஷம் ஒரே அறையில் படுத்தோம், ஒரே உடைந்த பியானோவில் சாதகம் செய்தோம். உன் நோட்டில் ஆசிரியர் பார்ப்பதற்கு முன் பிழை திருத்திக் கொடுத்தவன் நான். இன்று நீ மிலானில் இருக்கிறாய். நான் இங்கே ஆர்கனுக்குத் துருத்தி கிழிந்தால் கோந்து காய்ச்சிக்கொண்டிருக்கிறேன், கசாப்புக்காரரின் இரண்டு பிள்ளைகளுக்குச் சுரம் சொல்லிக் கொடுக்கிறேன்.

இதையும் கேள். புனித ரோக்குவின் திருநாளுக்கு முந்தின நாள் பங்குச் சாமியார் என்னிடம் வந்தார். “மரெஸ்காவோட அந்தக் கல்யாண ஊர்வல மெட்டு இருக்குல்ல, நன்மை குடுக்குற நேரத்துல அத வாசியேன், சவேரியோ. சனங்களுக்குப் பிடிக்கும்” என்றார். வாசித்தேன். உன் மெட்டுக்குப் பீடம்வரை நடந்து வந்து ஊரே நன்மை அப்பம் வாங்கிற்று. நடுவில் ஒரு பிழை இருக்கிறது, உனக்கே தெரியும், பள்ளியில் நீ செய்த அதே பிழை. என் விரல் தானாகத் திருத்திவிட்டது.

எனக்கு இந்த வருஷம் நாற்பத்திரண்டு முடிகிறது. பெரிதாக எதையும் கேட்கவில்லை. நான் எழுதிய ஒன்றை ஒரே ஒரு முறை அரங்கில் வாத்தியக்காரர்கள் வாசிக்க வேண்டும், ஒரு மனிதப் பிறவி பாட வேண்டும், என்னைத் தெரியாதவர்கள் உட்கார்ந்து கேட்க வேண்டும். அது நடக்காமல் போனால் கல்லறையிலும் எனக்குத் தூக்கம் வராது. உன்னால் முடியும். செய்வாயா என்பது உன் மனசு.

அசுந்தா உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னாள்.

இப்படிக்கு,
சவேரியோ பந்துசா
கோயில் ஆர்கன்காரன்

*

மிலான்
1841 அக்டோபர் 9

என் சவேரியோ,

உன் கடிதம் பாலாடைக்கட்டி வாசனையோடு வந்து சேர்ந்தது. பொறாமை என்று எழுதியிருந்தாய், வாய்விட்டுச் சிரித்தேன். வா, என் இடத்தில் ஒரு வாரம் இருந்து பார். கிறிஸ்துமஸுக்கு மறுநாள், முடியப்பர் திருநாளில் திரை ஏற வேண்டும். கவிஞர் இன்னும் மூன்றாம் அங்கத்துக்கு ஒரு வரி தரவில்லை. கதாநாயகனாகப் பாடுபவன் குதிரைமேல்தான் மேடைக்கு வருவேன் என்கிறான். அவனுக்குக் குதிரை என்றால் தனக்கு இரண்டு வேட்டை நாய் வேண்டும் என்கிறாள் தலைப் பாடகி. அரங்கக் குத்தகைக்காரர் இரண்டு பேருக்கும் சரி சொல்லிவிட்டு என்னிடம் வந்து, குதிரை நிற்கிற நேரத்துக்கு இசை எழுதச் சொல்கிறார். எனக்கு நெஞ்செரிச்சல். வைத்தியர் காப்பியை நிறுத்திவிட்டார்.

நீ கேட்டதற்கு வருகிறேன். இரண்டாம் அங்கத்துக்கு நடுவில் ஒரு சர்பத்துப் பாட்டு வேண்டியிருக்கிறது. கோபப்படாமல் படி. சனங்கள் எழுந்து பனிச்சர்பத்து தின்னப் போகிற நேரத்தில், பணிப்பெண் மேடையில் தனியாக நின்று எதையாவது பாடிக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். எந்த ஆசிரியனும் அதைத் தானே எழுதுவதில்லை, சீடன் எவன் தலையிலாவது கட்டிவிடுவான். இந்த முறை உன் தலையில் கட்டுகிறேன். பெயர் போட முடியாது, அந்த வழக்கம் உனக்குத் தெரியும். ஆனால் நீ கேட்டது எல்லாம் அதில் இருக்கிறது. அரங்கு இருக்கிறது, அறுபது வாத்தியக்காரர்கள் இருக்கிறார்கள், மனிதப் பிறவியும் இருக்கிறது.

அந்தப் பிறவியின் பெயர் பல்பீனா கொர்சி. இரண்டாம் பாடகி. ஐம்பதை நெருங்குகிறாள். மேல் சுரங்கள் போய்விட்டன, நடுவில் இரண்டு மூன்று ஓட்டை. கீழே மட்டும் ஏதோ மிச்சம் இருக்கிறது. ஓட்டைகளைத் தாண்டித் தாண்டி எழுது. வரிகளை இத்துடன் வைத்திருக்கிறேன். எஜமானி ஓடிப்போன வீட்டில் பணிப்பெண் சன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்துகிறாள். மூன்று சரணம்.

நவம்பர் நடுவுக்குள் வந்துவிட வேண்டும்.

அணைப்புடன்,
உன் தாதேயோ

*

வெனோசா
1841 நவம்பர் 2

தாதேயோவுக்கு,

உன் கடிதத்துக்கு முதலில் ஒரு பதில் எழுதினேன். அதில் இருந்த சொற்களைப் பார்த்துவிட்டு அசுந்தா அடுப்பில் போட்டாள். சர்பத்துப் பாட்டு! பிச்சை கேட்டவனுக்குக் கிழிந்த சட்டை கொடுத்ததுமல்லாமல், அதைத் திருப்பிப் போட்டுக்கொள் என்கிறாய். இருந்தாலும் வாங்கிக்கொண்டேன்.

இரண்டு நாள் வரிகளைத் தொடவே இல்லை. மூன்றாம் நாள் அசுந்தாதான் சொன்னாள். “எல்லாரும் சர்பத்து திங்கப் போயிட்டா என்ன? ஆயிரம் பேருல ஒரு பல்வலிக்காரனாச்சும் இருப்பான். அவனால ஐஸ் திங்க முடியாது, உள்ளயேதான் உக்காந்திருப்பான். அவனுக்கு எழுதுங்க” என்றாள். கேலிக்குத்தான் சொன்னாள், ஆனால் எனக்கு அந்த மனுஷன் கண்ணுக்குத் தெரிந்தான். கன்னத்தில் கைக்குட்டை கட்டிக்கொண்டு காலி இருக்கைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தான். அவனுக்காக எழுதினேன். நான்கு நாளில் முடிந்துவிட்டது.

இத்துடன் அனுப்பியிருக்கிறேன். அவளுக்கு மேல் சுரம் ஒன்றுகூட வைக்கவில்லை. முதல் இரண்டு சரணத்துக்கும் ஒரு கிளாரினெட் மட்டும். மூன்றாவது சரணத்தில், கடைசிச் சன்னலைச் சாத்தியபிறகு, செல்லோக்கள் வரட்டும், அதற்கு முன் ஒரு வில்கூட அசையக் கூடாது. வாத்தியக்காரர்கள் சும்மா இருக்கிறோமே என்று முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும். நீயும் உன் வழக்கப்படி அதில் ஒரு தாரை முழக்கத்தைச் செருகிவிடாதே. கெஞ்சிக் கேட்கிறேன்.

முதல் நாள் முடிந்ததும் இரண்டு வரி எழுது. நல்லதோ கெட்டதோ, நடந்ததை அப்படியே எழுது.

இப்படிக்கு,
காத்திருக்கும்
சவேரியோ

*

மிலான்
1842 ஜனவரி 3

அருமைச் சவேரியோ,

புத்தாண்டு உனக்கும் அசுந்தாவுக்கும் நல்லபடி அமையட்டும். நாடகம் ஒருவாறு கரையேறிவிட்டது. குதிரை மேடையில் செய்யக்கூடாததைச் செய்தது, மேல்மாடிக்காரர்கள் அதற்குத்தான் அதிகம் கைதட்டினார்கள். தலைப் பாடகிக்கு மாலைகள் விழுந்தன. பத்திரிகைகள் பரவாயில்லை.

உன் பாட்டைப் பற்றிக் கேட்டிருந்தாய். என்ன சொல்ல? நல்ல வேலைப்பாடு. பள்ளியில் பார்த்த அதே சுத்தமான கை. ஆனால் அது எப்பேர்ப்பட்ட நேரம் என்று உனக்குத் தெரியும். கிண்ணமும் கரண்டியுமாக ஒரே சத்தம். கதவு திறக்கிறது, மூடுகிறது. மாடங்களில் சீட்டாட்டம். யார் காதிலும் விழவில்லை. அதோடு பல்பீனாவுக்கும் மறுநாள் தொண்டை கட்டிக்கொண்டது, இரண்டாம் நாளிலிருந்து அதை எடுத்துவிட வேண்டியதாயிற்று. வேறு வழி இல்லை. குத்தகைக்காரரும் அங்கம் நீள்கிறது என்று அரித்துக்கொண்டிருந்தார். பல்பீனாவுக்கும் வயதாகிவிட்டது. அரங்கு என்றால் அப்படித்தான், மனசில் வைத்துக்கொள்ளாதே.

என்னுடைய வெல்வெட் காலர் வைத்த கோட்டு ஒன்றை உனக்கு அனுப்புகிறேன். இரண்டு தடவைதான் போட்டிருக்கிறேன். வெனோசாவில் குளிர் அதிகம் என்று நீ சொல்வாய்.

என்றும் உன்,
தாதேயோ

*

வெனோசா
1842 ஜனவரி 25

தாதேயோவுக்கு,

கோட்டு வந்தது. தோள் எனக்கு அகலம். அசுந்தா பிடித்துத் தைத்துக் கொடுத்தாள்.

பாட்டைப் பற்றி நீ எழுதியதைப் படித்தேன். மறைக்காமல் சொன்னதற்கு நன்றி. அந்தக் குதிரை செய்த காரியத்தைப் படித்தபோது எனக்கு உள்ளூர ஒரு குளிர்ச்சி. அதற்கும் என்னை மன்னித்துவிடு. இனி எழுதுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். கையில் இருந்த வரைவுத் தாள்களில் அசுந்தா அத்திப்பழம் காய வைக்கிறாள். நீ உன் பத்தொன்பதையும் இருபதையும் எழுது. எங்கள் சாமியாருக்கு நன்மை நேரத்துக்குப் புது மெட்டு வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
சவேரியோ

*

வெனோசா
1842 ஜூன் 6

தாதேயோ மரெஸ்கா அவர்களுக்கு,

அவர்கள் என்று எழுதியிருப்பதிலிருந்தே உனக்குப் புரிந்திருக்கும்.

துருத்திக்குத் தோல் வாங்க ஃபோஜ்ஜா சந்தைக்குப் போயிருந்தேன். சந்தையை ஒட்டி ஒரு நாடகக் குழு வந்திருந்தது. நாடகம் உன்னுடையதல்ல, செத்துப்போன யாரோ ஒருவருடையது. சுவரொட்டியில் கடைசி வரியில், சின்ன எழுத்தில், செவிலியாகப் பல்பீனா கொர்சி என்று இருந்தது. என் பாட்டை ஒரு நாள் பாடியவள், முகத்தையாவது பார்ப்போம் என்று உள்ளே போனேன்.

இரண்டாம் அங்கத்தில் எல்லாரும் எழுந்து சர்பத்துக்குப் போனார்கள். அவள் வந்து நின்றாள். குட்டையான, பருத்த பெண், கணுக்கால் வீங்கியிருந்தது. கிளாரினெட் தொடங்கியது. தாதேயோ, அது என் கிளாரினெட். அந்த நாடகத்துக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. அந்தக் கதையில் சன்னலே கிடையாது. ஆனால் அவள் சன்னல்களைச் சாத்தினாள். இரண்டாம் சரணத்தில் நான் திரும்பிப் பார்த்தேன். கூடத்துக் கதவுகளில் சனங்கள் கரண்டியும் கையுமாக நின்றுகொண்டிருந்தார்கள். வெளியே போனவர்கள் திரும்பி வந்து நின்றார்கள். யாரும் சாப்பிடவில்லை. நான் அழுதேனா என்று கேட்காதே.

முடிந்ததும் பின்பக்கம் போய் அவளைப் பார்த்தேன். முகப்பூச்சைத் துடைத்துக்கொண்டே பேசினாள். “அது என் பெட்டிப் பாட்டுங்க. எந்த ஊருக்குப் போனாலும், யாரு நாடகமானாலும், என் இடம் வந்தா பெட்டியத் தொறந்து அதத்தான் எடுப்பேன். இந்த வயசுலயும் எனக்குச் சோறு போடுறது அதுதான்” என்றாள். மிலானில் அதை யாரும் கேட்கவில்லையாமே என்றேன். கையில் இருந்த துணியைக் கீழே வைத்துவிட்டாள்.

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “கேக்கலயா? மூணு தரம் திரும்பப் பாடச் சொன்னாங்கய்யா. சர்பத்து உருகிப் படிக்கட்டெல்லாம் ஒழுகுச்சு. எழுதினவரு எந்திரிக்கணும்னு ஒரே கூச்சல். மரெஸ்கா எந்திரிச்சாரு. மூணு தரமும் எந்திரிச்சுத் தல குனிஞ்சாரு. மறுநாக் காலைல ஆளு வந்து எனக்குத் தொண்ட சரியில்லன்னு சொன்னான். அவன் சொல்லித்தான் எனக்கே தெரியும்.”

அந்தப் பாட்டை எழுதியவன் நான்தான் என்று சொன்னேன். அவள் கோபப்படவில்லை. பாவம் என்பது போல என் கையைத் தட்டிக் கொடுத்தாள். “இத மரெஸ்கா எழுதலன்னு எனக்கும் தெரியும். அவருக்கு இப்படிப் பொறுமையா இருக்க வராது. ஆனா நாந்தான் எழுதினேன்னு வந்ததுல நீங்க நாலாவது ஆளுங்க. அன்கோனாவுல ஒரு ஆர்கன்காரரு, பெருஜியாவுல ரெண்டு பேரு” என்று சொல்லி, எனக்கு ஒரு கிளாஸ் வைன் ஊற்றிக் கொடுத்தாள். குடித்துவிட்டு வந்தேன்.

தாதேயோ, நீ எழுந்து நின்றாய். ஒப்பந்தப்படி ஆசிரியன் முதல் மூன்று நாளும் வாத்தியக்காரர்களுக்கு நடுவில் உட்கார வேண்டும், கைதட்டினால் எழுந்து வணங்க வேண்டும், எனக்குத் தெரியும். முதல் தடவை உன் கால் பழக்கத்தில் எழுந்தது என்றே வைத்துக்கொள்கிறேன். இரண்டாவது தடவை? மூன்றாவது? எனக்குக் கோட்டு அனுப்பினாயே!

ஒன்றே ஒன்று செய். பல்பீனாவுக்கு உன் கையெழுத்தில் எழுது, அந்தப் பாட்டு வெனோசா சவேரியோ பந்துசா எழுதியது என்று. பத்திரிகைக்கு வேண்டாம், உலகத்துக்கு வேண்டாம். அவளுக்கு மட்டும் தெரியட்டும். அதையும் செய்யவில்லை என்றால் இதுதான் என் கடைசிக் கடிதம்.

சவேரியோ பந்துசா

*

வெனிஸ்
1842 ஜூலை 1

சவேரியோ,

உன் கடிதம் மிலான் போய், அங்கிருந்து இங்கே வந்தது. வந்த அன்றே பல்பீனாவுக்கு எழுதிவிட்டேன். அதன் நகல் இத்துடன் இருக்கிறது, படித்துப் பார். நான் தலை குனிந்ததையும் மறைக்கவில்லை.

இப்போது உனக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். நீ என்மேல் பொறாமை என்று வருஷா வருஷம் எழுதுவாய், நானும் சிரித்துச் சிரித்துப் பதில் எழுதுவேன். பள்ளியில் நீ என் நோட்டைத் திருத்திக் கொடுத்த நாளிலிருந்து நான் உன்மேல் எரிந்துகொண்டிருக்கிறேன். எந்த ஊரில் திரை ஏறினாலும் நான் முதலில் பார்ப்பது கடைசி வரிசைப் பக்கத்து வாயிலைத்தான். நீ அங்கே உதட்டைப் பிதுக்கிக்கொண்டு நிற்பதாக எனக்குத் தோன்றும். நீ வெனோசாவை விட்டு நகர மாட்டாய் என்பதுதான் எனக்கு இருந்த ஒரே தைரியம். அதனால்தான் உனக்குச் சர்பத்துப் பாட்டைக் கொடுத்தேன். யாரும் கேட்காத இடம் என்று பார்த்துக் கொடுத்தேன். உனக்கு உதவி செய்ததாகவும் ஆயிற்று அல்லவா?

அன்று சனங்கள் திரும்பி வந்தபோது நான் முதல் செல்லோவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஓடவும் முடியாது. முதல் தடவை எழுந்தது பழக்கம்தான். இரண்டாவது தடவை, உட்கார்ந்தால் காரணம் கேட்பார்களே என்ற பயம். மூன்றாவது தடவை ஆசை, சவேரியோ. அதை நானே எழுதியிருந்தால் எப்படி இருக்கும் என்று ஒரு நிமிஷம் நின்று பார்த்தேன். அதன்பிறகு என்னுடைய பெரிய பாட்டு வந்தது, தலைப் பாடகி இரண்டு நாயோடு பாடியது. அதற்குக் கைதட்டல் பாதிகூட இல்லை. அதை என்னால் தாங்க முடியவில்லை, மறுநாளே உன் பாட்டை எடுக்கச் சொல்லிவிட்டேன்.

இங்கே அடுத்த பருவத்துக்கு ஒரு நாடகம் ஒப்புக்கொண்டிருக்கிறேன். பாதியை நீ எழுது. சுவரொட்டியில் இரண்டு பெயரும் ஒரே அளவில் இருக்கும். குத்தகைக்காரரிடம் பேசி முடித்துவிட்டேன். செப்டம்பரில் புறப்பட்டு வா, என்னோடு தங்கு. மன்னிப்புக் கேட்க எனக்கு வேறு வழி தெரியவில்லை.

உன்னை ஏமாற்றிய,
தாதேயோ

*

வெனோசா
1842 ஆகஸ்ட் 20

தாதேயோ,

சுகம்தானே? உண்மையாகவே கேட்கிறேன்.

பல்பீனாவிடமிருந்து கடிதம் வந்தது. யாரையோ வைத்து எழுதியிருக்கிறாள். வைன் ஊற்றிக் கொடுத்து அனுப்பியதற்கு மன்னிக்கச் சொல்கிறாள். தனக்கு இன்னொரு பாட்டு எழுதித் தர வேண்டுமாம். அந்தக் கடிதத்தை அசுந்தா கொண்டுபோய்ச் சாமியாரிடம் காட்டிவிட்டு வந்தாள்.

உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. எரிந்துகொண்டிருக்கிறேன் என்று எழுதியிருக்கிறாயே, அந்த இடத்தை அசுந்தாவுக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினேன். இருபது வருஷமாக இந்த எரிச்சலை நான் மட்டும்தான் தின்றுகொண்டிருப்பதாக நினைத்தேன். நீயும் அதே தட்டில் கை வைத்திருக்கிறாய்! ஒரு வாரம் தெருவில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். கசாப்புக்காரரின் பிள்ளைகளைத் திட்டவே இல்லை. உன் ஊர்வல மெட்டைக்கூட மனசார வாசித்தேன்.

பிறகு பல்பீனாவுக்காக எழுத உட்கார்ந்தேன். வெனிசுக்கு வருவதற்கும் அது ஒரு சாதகமாக இருக்கட்டும் என்று நினைத்தேன். மூன்று வாரம் உட்கார்ந்தேன். ஒன்பது பாட்டு எழுதினேன். ஒன்பதையும் வாசித்துப் பார்த்தேன். கடைசியை வாசித்துக்கொண்டிருந்தபோது அசுந்தா உள்ளேயிருந்து, “இது மரெஸ்காவோடதுதான? நல்லாத்தான் இருக்கு” என்றாள். அவளுக்குக் காது உண்டு. ஒன்பதும் நீதான், தாதேயோ. உன் பிழையைத் திருத்தி எழுதிய நீ. பல்வலிக்காரனை மறுபடி நினைத்துப் பார்த்தேன், அவன் வரவில்லை.

வெனிசுக்கு நான் வரப்போவதில்லை. இதை மட்டும் எழுதிவிட்டு, ஏன் என்று சொல்லாமல் விட்டுவிடலாம் என்று நினைத்தேன். நீ சாகும்வரை ஒவ்வொரு ஊரிலும் அந்த வாயிலைப் பார்த்துக்கொண்டிருப்பாய். இரண்டு நாள் அந்த நினைப்பு எனக்கு இனித்துக்கொண்டே இருந்தது. எனக்கு இதுவரை கிடைத்த பரிசு அது ஒன்றுதான். ஆனால் அந்த நோய் எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். ரொட்டி இறங்காது, தூக்கம் பிடிக்காது, அடுத்தவன் குதிரை சாணி போட்டால் சந்தோஷம் வரும். உனக்கு வேறு நெஞ்செரிச்சல். வேண்டாம்.

அதனால் சொல்லிவிடுகிறேன். என்னிடம் இருந்தது ஒரே ஒரு பாட்டு. அது வெளியே வந்துவிட்டது. வருஷத்துக்கு ஒரு நாடகம் என்று பதினெட்டை எழுதினாயே, அதில் ஒன்றைக்கூட என்னால் எழுத முடியாது. இதை எழுதும்போது எனக்கு எப்படி இருக்கிறது என்று உனக்குத் தெரியும், வேறு யாருக்கும் தெரியாது. வாயிலைப் பார்க்காதே, அங்கே யாரும் நிற்கவில்லை. நன்றாகத் தூங்கு, நன்றாக எழுது.

இப்படிக்கு,
சன்னல் சாத்துகிற பாட்டை எழுதிய
சவேரியோ பந்துசா